செக்றோலும் கணினியும்



சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்திலே, தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் மலைச்சாரலில் அமைந்த ஊர் றக்வான. இதனை இறக்குவானை என்றும் எழுதுவர். இவ்விரண்டும் ஒரே ஊர் என்று அறிந்துகொள்வதில் மனிதருக்கு யாதொரு தொல்லையுமில்லை. கணினிக்கோ அது பெருந்தொல்லை. அத்தொல்லையையும், அதனைக் கையாளும் முறை ஒன்றையும் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

தோட்டத்தில் ஒரு நாளின் உழைப்பு எத்தனை தடவை எழுதப்படுகின்றது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். காலையில் பிரட்டுக்களத்திலே பெயர் பதிகின்றது. கொழுந்து நிறுக்குமிடத்தில் நிறை பதிகின்றது. முழுப்பேரா, அரைப்பேரா என்பது குறிக்கப்படுகின்றது. அங்கிருந்து அலுவலகத்துச் செக்றோலுக்கும், சம்பளச் சிட்டைக்கும், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கான படிவத்துக்கும் அதே செய்தி செல்கின்றது. உழைப்பு ஒன்று, அது எடுக்கும் உருவங்களோ பல.

கணினியின் நினைவகத்தில் ஒரு தொழிலாளியின் பதிவு மரம்போலக் கிளைத்து நிற்கும். பெயர் ஒரு கிளை. பிரிவு ஒரு கிளை. நாட்கள் மற்றொரு கிளை. ஒவ்வொரு நாளுக்கும் நிறை என்பது அதன் சிறு கிளை. இம்மரத்தை வேறோர் இடத்துக்கு அனுப்ப வேண்டுமாயின், எழுத்துக்குப் பின் எழுத்தாக ஒரே நீள வரியாக்க வேண்டும். இதனைத் தொடராக்கம் என்பர். பெறுகின்ற கணினி அவ்வரியைப் படித்து, மீண்டும் மரத்தை எழுப்பிக்கொள்ளும். வரியாக்கும் முறைகள் பல. காற்புள்ளியிட்டுப் பிரிக்கும் சீ.எஸ்.வீ. மிகப் பழையது, எளியது. 1998இல் விதிமுறை பெற்ற எக்ஸ்.எம்.எல். ஒவ்வொரு செய்திக்கும் முன்னும் பின்னும் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. அதற்குப் பின் பரவிய ஜேசன், அடைப்புக்குறிகளாலும் மேற்கோட் குறிகளாலும் கிளைகளைக் காட்டுவது.

சம்பளம் கணக்கிடும் நிரலுக்குள்ளேயே இம்முறைகளையெல்லாம் பின்னிவிடுவோர் உண்டு. நாளை ஒரு காரியாலயம் வேறு உருவம் கேட்டால், சம்பளக் கணக்கையே பிரித்துத் தைக்க வேண்டிவரும். இதற்கு மாற்றாக அமைந்ததே இயக்கி முறை. நிரல் தன் பதிவைத் தன் முறையிலேயே வைத்துக்கொள்ளும். ‘எழுது’, ‘படி’ என்னும் இரண்டு கட்டளைகளை மட்டும் இடும். எந்த உருவத்தில் எழுதுவது என்பது, செருகவும் கழற்றவும் தக்க ஒரு சிறு பகுதியின் பொறுப்பு. அதுவே இயக்கி. அச்சுப்பொறியை மாற்றியதற்காக நாம் கடிதத்தைத் திருப்பி எழுதுவதில்லையே, அதுபோல. புவிப்படத் தரவுகளைக் கையாளும் ஜீடால் என்னும் புகழ்பெற்ற மென்பொருள் நூலகம், ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனி இயக்கி என்ற இந்த ஒழுங்கிலேயே இயங்குகின்றது.

ஏட்டளவில் இது எளிது. தமிழ்ப் பெயர்கள் புகும்போதுதான் சோதனை தொடங்குகின்றது.

இலங்கையில் நெடுங்காலம் பரவலாக வழங்கியது பாமினி எழுத்துரு. அதில் திரையில் தோன்றுவது தமிழாயினும், உள்ளே கிடப்பவை ஆங்கில விசைகளின் குறிகளே. ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியே குறி. இகரத்துக்குரிய குறி யாது? காற்புள்ளி! ஆகவே, இறக்குவானை என்ற ஊர்ப்பெயரே பாமினியில் காற்புள்ளியுடன் தொடங்குகின்றது. மேற்கோட் குறி இடாமல் அதனைச் சீ.எஸ்.வீ. கோப்பில் எழுதினால், படிக்கும் கணினி முதலில் ஒரு வெற்றுக் கட்டத்தைக் காணும். பின்வரும் செய்திகள் யாவும் ஒரு கட்டம் தள்ளிப்போகும். நாட்கள் இருக்க வேண்டிய இடத்தில் பிரிவின் இலக்கமும், நிறை இருக்க வேண்டிய இடத்தில் நாட்களும் வந்து அமரும். இலட்சுமிக்கும் இராமாயிக்கும் இதே கதி. காற்புள்ளி வேண்டாம், அரைப்புள்ளியால் பிரிப்போம் என்றால், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் பெயர் வெட்டுப்படும்.

1991 முதல் தமிழுக்குத் தனியிடம் தந்த யுனிகோட் முறையில் இகரம் இகரமே, காற்புள்ளி காற்புள்ளியே. எனவே அறிவுடைய அமைப்பில் இயக்கிகள் இரு படிகளாக நிற்கும். எழுத்துக் குறியீட்டை மாற்றுவது ஒன்று, பதிவின் உருவத்தை ஆக்குவது மற்றொன்று. முதற்படி முடிந்த பின்னரே இரண்டாம் படி. முறை மாறினால், எந்தக் காற்புள்ளி எழுத்து, எது பிரிகோடு என்று பின்னர் எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

எண்களிலும் இத்தகைய பொறி உண்டு. நமது பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது; பெண்களுக்கு 500 கூட்டப்படும். 1985 மார்ச் 10இல் பிறந்த பெண்ணுக்கு 85570 என்று தொடங்கும். 31, 28, 10 என்று கூட்டினால் 69தானே வருகின்றது என்பீர்கள். அவ்விலக்கத்தில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரிக்கு 29 நாளே கணக்கு! இவ்வழக்கை அறியாத இயக்கி, அப்பெண்ணின் பிறந்தநாளை மார்ச் 11 என்று படிக்கும். பிறப்புச் சான்றிதழோ 10 என்று சொல்லும். ஒரு நாள் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். சேமலாப நிதியைக் கோரி நிற்பவருக்கு அது சிறிதன்று.

2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க முறைக்கு மாற்றுவது எளிது. முன்னே 19ஐயும், நாளைக் குறிக்கும் இலக்கங்களின் பின் ஒரு பூச்சியத்தையும் சேர்த்தால் போதும். ஆனால் பழைய இலக்கத்தின் இறுதியில் வாக்காளரா என்பதைக் காட்டிய ஆங்கில எழுத்துக்குப் புதியதில் இடமில்லை. புதிதிலிருந்து பழையதை முழுமையாக மீட்க முடியாது. எழுதியதைத் திருப்பிப் படித்து, முன்னிருந்ததோடு ஒப்பிடும் சோதனையை ஒவ்வோர் இயக்கிக்கும் செய்யவேண்டும் என்பது இதனாலேயே.

பெயர்களுக்கு இச்சோதனை இன்னும் கடுமையானது. வள்ளி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அதிலிருந்து மறுபடி தமிழாக்கினால் வல்லி என்றும் வரலாம். செக்றோலில் ஒன்று, அட்டையில் ஒன்று என்றாகி, இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டிய நிலை உண்டாகும். ஆதலால் மூலத் தமிழ் வடிவத்தையே பதிவில் காத்து, ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் பக்கத்தில் வேறாக வைத்தல் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றை ஆக்கும் வேலையை எந்த இயக்கிக்கும் கொடுத்தல் ஆகாது.

இன்னொன்று. இருபது வயதில் பேர் பதிந்த பெண், தன் சேமலாபத்தைப் பெறுவது 50ஆம் வயதில். ஆண் 55ஆம் வயதில். இடையே தோட்டத்தின் நிருவாகம் மாறும். 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளிடம் சென்றதை அறிவோம். கணினியும் கோப்பு வகையும் அதனினும் விரைவாக மாறும். பழைய உருவத்தில் எழுதுவதை நிறுத்திவிடலாம். அதனைப் படிக்கும் இயக்கியையோ, அவ்வுருவத்தில் பதிந்த கடைசித் தொழிலாளி தம் பணத்தைப் பெறும் வரையில் கழற்றிவிடலாகாது.