மூடியைப் புரட்டிப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிவில் படிச்சவன், பாலம், அணைன்னு ஏதாவது பேசுப்பா" என்றார் நம் செயலாளர். நான் பேச வந்திருப்பது இரண்டடிக்கு இரண்டடி இரும்பு மூடியைப் பற்றி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 3-ஆம் தேதி விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த பெண் குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. மேலே போட்டிருந்த மூடி துருப்பிடித்து உடைந்துபோயிருந்தது. நான்கு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஏப்ரல் 29-ஆம் தேதி மதுரை கே.கே. நகரில், ஒரு மழலையர் பள்ளிக்குக் கோடை வகுப்புக்காக வந்த நான்கு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. விக்கிரவாண்டி நமக்கு அந்நிய ஊரா? 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை எல்லோரும் ஒரே விழுப்புரம் மாவட்டம்தானே.

செப்டிக் டேங்க் மூடி எப்படிக் கெடுகிறது என்பது நமக்குத் தெரிந்த பாடம்தான். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகிறது. மூடியின் அடிப்பக்கம் எப்போதும் ஈரம். அந்த ஈரத்தில் பாக்டீரியா புகுந்து வாயுவைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். ஆக, மூடி அரிக்கப்படுவது கீழேயிருந்து. மேல்பக்கம் வருஷா வருஷம் பச்சை பெயின்ட் அடித்து ஜோராக இருக்கும். கீழே அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். மேலே நின்று பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்கிறவர் பெயின்ட்டைத்தான் பார்க்கிறார். பக்கவாட்டில் நின்று கடப்பாரையால் நெம்பிப் புரட்டிப் பார்க்க வேண்டும். தப்பித்தவறி மேலே ஏறி நின்று சோதிக்காதீர்கள்.

தண்ணீர்த் தொட்டி வேறு மாதிரி ஆபத்து. சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். குனிந்து எட்டிப் பார்த்தால் தலைகுப்புறப் போய்விடும், திரும்ப எழும்பத் தெரியாது. ஒரு வாளித் தண்ணீர் போதும். சினிமாவில் வருவதுபோலக் கூச்சல் கேட்காது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் முடிந்துவிடும்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கட்டட உறுதிச் சான்றில் கையெழுத்துப் போடுகிறவர்கள். அதனால்தான் இதை இந்த மேடையில் சொல்கிறேன். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். சமையல்கூடத்தில் பிடித்த தீ, வகுப்பறைக்கு மேலே இருந்த கீற்றுக் கூரைக்குப் பரவியது. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் சேர்ந்ததே என்று சொன்னது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கூரை, சுவர், மூடி. மூன்றும் நம் தொழில். பிரதான கட்டடத்தைச் சுற்றி வந்து சான்று எழுதுகிற நாம், கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்க்கிறோமா?

சரி, பெற்றோர் என்ற முறையில் என்ன செய்யலாம்? என் மகளை நகரத்தில் ஒரு காப்பகத்தில் விட்டிருந்தோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே கேமரா உண்டு, ஏ.சி. உண்டு, போனில் மத்தியானம் படம் அனுப்புவார்கள். விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் சம்ப் இருந்தது, அதன் மேலே ஒரு ப்ளைவுட் பலகை. அவ்வளவுதான். நடத்துகிற அம்மாவிடம் சொன்னேன். "ஒன்பது வருஷமா ஒண்ணும் ஆனதில்ல சார்" என்றார். சக பெற்றோர்களிடம் சொன்னேன். பாதிப் பேர் "வேற இடம் பாத்துக்கலாமே, எதுக்கு வம்பு?" என்றார்கள்.

படித்தவர்களுக்கு உடனே தோன்றுகிற வழி இதுதான்: பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது. என் பிள்ளை தப்பித்தது, சரி. அந்தப் பலகை அங்கேயேதான் இருக்கும், மீதி முப்பது பிள்ளைகளும் அங்கேயேதான் இருப்பார்கள். நாங்கள் ஐந்து பெற்றோர் சேர்ந்து தேதி போட்டு ஒரு கடிதம் எழுதினோம். எந்த அளவில் மூடி, எப்படிப் பூட்டு, என்ன செலவு என்று வரைபடமே போட்டுக் கொடுத்தேன். மூடி வரும்வரை அந்தப் பக்கம் தடுப்பு வைக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று ஐந்து பேரும் சொன்னோம். தடுப்பு அன்றைக்கே வந்தது. பூட்டோடு மூடி எட்டாம் நாள் வந்தது.

இந்த யோசனை எனக்கு நகரத்தில் வந்ததில்லை. நான் கரியாலூர்க்காரன். கல்வராயன் மலையில் "வேற இடம் பாத்துக்கலாம்" என்கிற பேச்சுக்கே இடமில்லை. ஊருக்கு ஒரு பால்வாடி. (அங்கன்வாடி என்று பலகையில் எழுதியிருக்கும், ஊர் வாயில் இன்னும் பால்வாடிதான்.) 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கு மேல் மையங்கள் இருக்கின்றன. அம்மா மரவள்ளிக் காட்டுக்குப் போக வேண்டுமானால் பிள்ளை அங்கேதான் இருந்தாக வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் கச்சிராயபாளையம் வழியாக அத்தனை வளைவும் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும்.

எங்கள் மலையில் ஒரு பால்வாடி, ஊர்ப் பேர் வேண்டாம். பக்கத்தில் தரைமட்டத் தொட்டி, மூடி கிடையாது. டீச்சர் கூட்டத்துக்குக் கீழே இறங்கும் நாளில் ஆயா ஒருத்திதான் சமையலும் பார்த்து, பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். என் தங்கச்சி மகனும் அங்கேதான் போனான். தாய்மார்கள் டீச்சரிடம் சண்டைக்குப் போகவில்லை. "நான் ரெண்டு தடவை எழுதிட்டேன்க்கா, பணம் வரல" என்று டீச்சரே அழாத குறை. மூடிக்குப் பணம் டீச்சர் கையில் இல்லை, ஒன்றியத்தில் இருக்கிறது என்பது இவர்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே நான்கு ஆம்பிளைகளை வைத்துப் பெரிய பலகைக் கல்லைத் தள்ளித் தொட்டியை மூடினார்கள். அடுத்து வந்த அக்டோபர் 2 கிராம சபையில் டீச்சரையும் கூட வைத்துக்கொண்டு, தொட்டிக்கு மூடி வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தார்கள். எழுதிய தாளுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டுமில்லையா? சிமென்ட் சிலாப் வர பொங்கல் ஆகிவிட்டது. அதுவரை கல் காத்தது.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

இங்கே மேலாளர்களாக, முதலாளிகளாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் வந்தது. நான்கு முறை போகும் தாய் எதையாவது சொன்னால், "குறை சொல்றாங்க" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் வாங்காத இன்ஸ்பெக்டர் அவர்.

ஒன்றை மட்டும் கலந்துவிடக் கூடாது. குழந்தையை ஒருவர் தவறாகத் தொட்டார் என்று தெரிந்தால், நான் சொன்ன கடிதம், தீர்மானம், எட்டு நாள் அவகாசம் எதுவும் பொருந்தாது. நிர்வாகியிடம் சமாதானம் பேசவே கூடாது. 2012-ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1098-க்குப் போன் செய்யலாம்.

கடைசியாக மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். திட்ட அலுவலரிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை கல்வராயன் மலைப் பால்வாடிகளில் தொட்டி, மூடி, கூரை, அடுப்பு நான்கையும் பார்த்து அளவெடுத்து வரலாம் என்று நினைக்கிறேன். குறை கண்டுபிடிக்கப் போகவில்லை. எஸ்டிமேட் போட்டு டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வரப் போகிறோம், அடுத்த கிராம சபைக்கு அவர்களுக்கு அது உதவும். வேனும் சாப்பாடும் என் பொறுப்பு, கடப்பாரை நீங்கள் கொண்டு வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் டிராயிங் ஹால் வாசலுக்கு வாருங்கள், அங்கேதான் இருப்பேன்.