இருதயப் படமும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

(திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் குடியிருக்கும் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியது)



திருகோணமலையில் தேயிலை மலை கிடையாது. ஆனாலும் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு இந்தப் பக்கம் வந்த எங்கள் சனம் இன்றைக்கும் தேத்தண்ணி குடித்துத்தான் கண் விழிக்கிறது. அதனால் நாங்கள் சொல்ல வந்த விசயம் மலையில் இருக்கும் சொந்தங்களுக்கும் சேர்த்துத்தான்.

நெஞ்சு வலி என்று கிளினிக் போனால் ஈசிஜி எடுப்பார்கள். பிறகு ட்ரெட்மில் மெசினில் நடக்கச் சொல்வார்கள். கொழுந்துக் கூடையோடு முப்பது வருசம் ஏறி இறங்கிய முழங்காலுக்கு அது எங்கே முடியும்? அப்படிப்பட்டவர்களுக்கு அடினோசின், ரெகாடினோசன் போன்ற ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, இருதயத்தின் இரத்த ஓட்டத்தைப் படம் பிடிப்பார்கள். முகம் சூடாகும், நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். பெரும்பாலும் சில நிமிசத்தில் அடங்கிவிடும். அதற்குப் பயப்படாதீர்கள்.

மிக அரிதாக வேறு மாதிரியும் ஆகும். கடும் இழுப்பு வரும், இருதயத் துடிப்பு தடைப்படும். இந்த இரண்டு மருந்துகளாலும் அரிதாக மாரடைப்பும் மரணமும் நேர்கின்றன என்று 2013 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. நெஞ்சு வலி அடங்காதவர்களுக்கு ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னது. ஆகவே அன்று காலை வலி இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். இன்னொரு நாள் பஸ் ஏறி வர வேண்டுமே என்று நம்மவர்கள் மறைப்பது எங்களுக்குத் தெரியும். இழுப்பு, தொய்வு உள்ளவர்களும் சொல்ல வேண்டும். டாக்டர் வேறு மருந்தைத் தெரிவு செய்வார். குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனித் தேத்தண்ணி. அதில் உள்ள கஃபீன் ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. உள்ளே அடைப்பு இருந்தாலும் படம் நல்ல இருதயம் போலக் காட்டிவிடும். ஆஸ்பத்திரியில் சொல்லும் நேரத்திலிருந்து, சில இடங்களில் 24 மணித்தியாலம், தேத்தண்ணி, கோப்பி, கோலா ஒன்றும் வேண்டாம். பால் போடாத சாயத்தண்ணி பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். அதுவும் தேயிலைதானே!

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஊசியால் கஷ்டம் வந்தால் கொடுக்கும் மாற்று மருந்து அமினோபிலின். அது தியோபிலினிலிருந்து செய்வது. தியோபிலினை 1888இல் கொசல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி முதலில் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்து.

தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், சிங்களம் பேசத் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள். ஊசி ஏறும்போது மூச்சு முட்டினால் உடனே சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் கையைத் தூக்கிக் காட்டுங்கள்.