தீவகத்துத் தொன்மையும் திருத்தொண்டும்



குடமுழுக்கு இறைவன் திருவுருவிற்கு மட்டும் உரியதன்று. அவ்வுருவைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்த ஊரின் நினைவிற்கும் உரியது. அந்நினைவு பெரிதும் கல்லில் உறைவது. கல் அழியின் அதுவும் உடன் அழியும். யாழ்ப்பாணத்திற்கு மேற்கே கடலிற் கிடக்கும் தீவுகளை முன்வைத்து இதனைச் சிந்தித்தல் தகும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருக்கோயிலில் ஒரு கல்வெட்டு உளது. 12-ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழிற் பொறிப்பித்த ஆணை அது. புறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொணர்ந்த மரக்கலம் உடையின் நாலிலொரு பங்கு பண்டாரத்திற்கும் முப்பங்கு உடையவனுக்கும் ஆகுக என்றும், வாணிகச் சரக்காயின் செம்பாதி என்றும் அது விதிக்கின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா இச்சாசனத்தை ஆய்ந்து 1963-ல் வெளியிட்டார். அக்கல் ஒரு வீட்டுப் படியாகவோ துவைகல்லாகவோ போயிருப்பின், இக்கடல்நீதியை இன்று அறிவார் யார்?

நெடுந்தீவிலோ, முருகைக்கல்லாற் கட்டிய பழங்கோட்டையும், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும், சாந்தின்றிக் கல்லடுக்கிய வேலிகளும், ஆப்பிரிக்க இனத்ததாகிய பெருக்க மரமும் உள்ளன. உப்புக்காற்று ஒருபுறம் அரிக்கும். புதுவீட்டிற்குக் கல் பெயர்ப்பார் கை ஒருபுறம் அரிக்கும்.

இவற்றைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச்சு 2-க்கு முற்பட்ட சின்னங்களை, தனியார்க்கு உரியனவாயினும், வர்த்தமானி வாயிலாகப் பாதுகாக்கப்பட்டனவாக அறிவிக்க இடந்தருகின்றது. பழமரங்களுக்கும் அவ்விதி உண்டு. ஆயின் சட்டம் தானே நடந்து தீவிற்கு வாராது. இன்ன இடத்தில் இன்ன பொருள் உளது என்று சொல்வார் வேண்டும்.

அதுவே தொண்டர் செய்யத்தக்கது. ஊரை நடந்து சுற்றுக; கண்டதை அளந்து படமெடுக்க. காணியின் பெயரும் எல்லையும் குறிக்க. முதியோர் சொல்வதைச் சொன்னவாறே எழுதி, கண்டது வேறு, கேட்டது வேறு என்று பிரித்து வைக்க. எழுத்துள்ள கல்லைச் சுரண்டாதும் சுண்ணம் பூசாதும் விடுக. பின்னர்த் தொல்லியல் திணைக்களத்திற்கு விண்ணப்பித்து, அதன் படியொன்றை ஊர் நூலகத்தில் வைக்க. மண்ணைத் தோண்டுதல் மட்டும் தொண்டர் தொழிலன்று. அது பயின்றார்க்கும் அனுமதி பெற்றார்க்குமே உரியது.

"அரசு அறிந்தால் வழிபாடு தடைப்படுமோ, காணி போகுமோ, வரலாறு வேறாக எழுதப்படுமோ?" என்று அஞ்சுவார் உளர். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆயினும் மறைத்தல் அதற்கு மருந்தாகாது. அறிவிக்குமுன் ஆட்சேபம் கேட்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியே. கேட்கும் நாளில், ஆண்டும் அளவும் படமும் உடைய ஏடு கையிலுள்ள ஊரே தெளிவாகப் பேசும். ஏடில்லாத ஊருக்குப் பிறர் எழுதியதே வரலாறாகும்.

திருப்பணிச் சபையார்க்கும் ஒரு விண்ணப்பம். பழஞ்சுவரைப் பெயர்க்குமுன் ஒவ்வொரு கல்லையும் திருப்பிப் பார்த்தருள்க. பக்தியால் அழிந்த கல்வெட்டும் பகையால் அழிந்த கல்வெட்டும் அழிவால் ஒன்றே.

திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கரத்தில் ஏந்தியது உழவாரம். கோயில் கட்டும் செல்வம் சிலர்க்கே வாய்க்கும். திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கும் பேறு யாவர்க்கும் உண்டு. தீவகத்துக் கல்லை மூடிய புதரை விலக்கி, அதன் பெயரை ஏட்டில் ஏற்றுவதும் அவ்வுழவாரப் பணியே. இக்குடமுழுக்கு நாளில் இளைஞர் சிலரேனும் அதனைக் கைக்கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.