காலிக் கோட்டையில் ஐந்து நாட்கள்



உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர்க்கு இரண்டு செல்வங்கள் எஞ்சுகின்றன. ஒன்று நேரம், மற்றொன்று ஓய்வூதியம். முன்னது வளர்கின்றது, பின்னதோ விலைவாசியின் முன்னே தேய்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வுண்மையை வீடுதோறும் உணர்த்திற்று. இந்நிலையில், செலவுமிக்க ஓர் அழகிய கடற்கரை நகரிலே தங்கிவரப் புறப்பட்டனர், யாழ்ப்பாணத்துத் தம்பதியர் இருவர்.

கணவர் சரித்திர ஆசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவர். காலித் துறைமுகத்தைப் பற்றி எத்தனையோ வகுப்புகளுக்குப் படிப்பித்தவர். ஆனால் காலியைக் கண்டவரல்லர். மணமான புதிதில் மனைவியை அங்கே அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தார். பின்னர் போர் வந்தது. பிள்ளைகளின் படிப்பு வந்தது. வீடு திருத்தும் வேலை வந்தது. வாக்கு மட்டும் அப்படியே இருந்தது. ஈற்றில் அம்மையார் தாம் கட்டிவந்த சீட்டை எடுத்து, "இனிப் பிந்தினால் நடக்கக் கால்கள் இரா" என்றார். அதற்கு ஆசிரியரிடம் மறுமொழி இல்லை.

வழியில் கொழும்பு நூதனசாலையில் ஒரு கல்லைக் கண்டனர். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ காலியில் நாட்டுவித்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் அமைந்தது. தேவேந்திரமுனையின் தென்னாவரை நாயனாருக்குப் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கையாக அளிக்கப்பட்ட செய்தியைத் தமிழ்ப் பகுதி கூறுகின்றது. 1911ஆம் ஆண்டில் அது கண்டெடுக்கப்பட்டபோது, காலியில் ஒரு மதகை மூடும் பலகைக் கல்லாகக் கிடந்தது. "மூன்று மொழி கற்ற கல்லுக்கே அந்தக் கதி" என்று அம்மையார் சிரித்தார்.

மறுநாள் புகையிரதம் கடலை ஒட்டியே ஓடிக் காலியை அடைந்தது. போர்த்துக்கேயர் 1588இல் அரண் அமைத்த முனை அது. 1640இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கருங்கல்லும் பவளக் கல்லும் கொண்டு பெருங்கோட்டையாக்கினர். உலக மரபுரிமைத் தலங்களின் வரிசையில் 1988இல் அது சேர்ந்தது. பின்னர் வெளிநாட்டவர் பலர் பழைய வீடுகளை வாங்கி விடுதிகளாக மாற்றினர். ஆதலால், முதலில் விசாரித்த விடுதியில் ஓர் இரவுக்குக் கேட்ட வாடகை ஆசிரியரின் மாத ஓய்வூதியத்திற் பாதியை விழுங்கக்கூடியதாய் இருந்தது. அவர் முகம் வாடிற்று. "மாலைப் புகையிரதத்திலே திரும்பிவிடுவோம்" என்றார்.

அம்மையார் அசையவில்லை. "நாற்பது வருடம் காத்திருந்தது ஒரு பின்னேரத்துக்காகவா? இங்கே விலை கூடியது கூரையும் சாப்பாட்டு மேசையுந்தான். கடலுக்கு யார் காசு கேட்டார்கள்?" என்றார். அக்கேள்வியே அவ்வைந்து நாட்களின் வரவு செலவுத் திட்டமாயிற்று.

ஒடுங்கிய தெரு ஒன்றிலே, முதிய முஸ்லிம் பெரியார் ஒருவரின் வீட்டில் எளிய அறை கிடைத்தது. மதிய உணவுக்குக் கோட்டைவாயிலைக் கடந்து பேருந்து நிலையப் பக்கம் சென்றனர். உள்ளே ஒருவர் உண்ணும் செலவில் வெளியே இருவரும் வயிறார உண்டனர். பழங்களைச் சந்தையில் வாங்கினர். காலையும் மாலையும் மதிலின்மேல் நடந்தனர். சூரியன், சந்திரன், நட்சத்திரம் எனப் பெயர்பெற்ற கொத்தளங்களில் இளைப்பாறினர். 1939இல் எழுந்த வெண்ணிற வெளிச்சவீட்டின் அடியிலே தென்னை நிழல் இருந்தது. கீழே உள்ள மைதானத்தில் இளைஞர் ஆடிய கிரிக்கெட்டை மதிலில் அமர்ந்தே பார்த்தனர். இவற்றுள் எதற்கும் கட்டணமில்லை.

ஒரு மாலை, 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதியின் பேச்சு எழுந்தது. ஆழிப்பேரலை பேருந்து நிலையத்தையும் சந்தையையும் சூறையாடியபோது, பழைய மதில் கோட்டைக்குள் இருந்தோரில் மிகப் பலரைக் காத்ததென்று வீட்டுக்காரர் விவரித்தார். வடமராட்சி கிழக்கில் அன்று உறவினரை இழந்த அம்மையார், நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகிய கடலும் அழித்த கடலும் ஒன்றே என்பதை இரு கரையினரும் அறிந்திருந்தனர்.

பின்னர் அப்பெரியார் தம் மனத்தைத் திறந்தார். "மாஸ்டர், அலையை மதில் தடுத்தது, பணத்தை எது தடுக்கும்? எங்கள் தெருவில் பல வீடுகள் கைமாறிவிட்டன. என் வீட்டுக்குக் கேட்கும் விலை என் பேரப்பிள்ளைகளுக்கும் போதும். விற்றால் நோன்புக் கஞ்சியை யாருக்குக் கொடுத்தனுப்புவது? விற்காவிட்டால் ஒழுகும் கூரையை எதைக் கொண்டு வேய்வது?"

ஆசிரியர் உடனே அறிவுரை கூறவில்லை. போரினால் விட்டுச்சென்ற வீடுகளைத் தம் ஊரிலே கண்டவர் அவர். சற்றுப் பொறுத்து, "விற்பது பிழையென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்க்கு ஓர் அறையை நியாயமான வாடகைக்குக் கொடுத்துவந்தால், கூரைக்கும் வழி பிறக்கும், வாசலும் திறந்திருக்கும்" என்றார். பெரியார் தலையசைத்தார். அது சம்மதமா, களைப்பா என்று தெரியவில்லை.

ஊர் திரும்பிய அன்று அம்மையார் கணக்குக் கொப்பியை விரித்தார். சீட்டுப் பணத்தில் மூன்றிலொரு பங்கு மீந்திருந்தது. ஆசிரியர் மகிழ்ந்து, அதை வங்கியில் இடலாமென்றார்.

"வேண்டாம். அதைப் பெரியாருக்கே முற்பணமாக அனுப்புங்கள். அடுத்த தை மாதமும் அந்த அறை எங்களுக்கு வேண்டும். தென்னாவரைக் கோயில் இருந்த இடத்தை இன்னும் காணவில்லையே" என்றார் அம்மையார்.

செலவைச் சுருக்குவது சிக்கனம். சுருக்கியதை எங்கே செலவிடுவதென்று அறிவது அதனினும் மேலான கலை. அதை அந்த அம்மையார் அறிந்திருந்தார்.