கணக்கறிந்த பெண்ணும் கதைப் புத்தகமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் எழுத்தருக்கு இலக்கியப் பேச்சு ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பேச வந்ததும் கணக்கைப் பற்றித்தான். ஆனால் அது கதைக்குள் வரும் கணக்கு.

பத்தாம் வகுப்பில் தேறிய நம் மகள் பி.யூ.சி.யில் கணிதம் எடுக்க விரும்பினாள். "பெண்பிள்ளைக்கு அவ்வளவு கணக்கு எதற்கு? டியூஷன் செலவு வேறு" என்று மறுத்துவிட்டோம். ஜீவனஹள்ளியில் பல இல்லங்களில் நிகழும் பேச்சுத்தான் இது, ஒளிப்பதற்கில்லை. அவள் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு நாள் நம்மோடு பேசவே இல்லை.

அவள் மனம் தேறட்டும் என்று பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலக் கதைநூல் வாங்கி வந்தோம். அமெரிக்க எழுத்தாளர் டெமி 1997-இல் வெளியிட்ட 'ஒன் கிரெயின் ஆப் ரைஸ்' என்பது அது. சிறு பிள்ளைகளுக்கான படநூல்தான். அவள் வயதிற்குச் சற்றுச் சிறியது.

அரசன் ஒருவன் குடிகளின் அரிசியைப் பஞ்ச காலத்திற்கென்று வாங்கிக் களஞ்சியத்தில் அடைக்கிறான். பஞ்சம் வந்தபோது கொடுக்க மறுக்கிறான். யானைமேற் சென்ற கூடையிலிருந்து சிந்திய அரிசியை ஏந்தித் திருப்பிக் கொடுக்கிறாள் ராணி என்னும் சிற்றூர்ப் பெண். பரிசாக அவள் கேட்பது இன்று ஓர் அரிசி, நாளை இரண்டு, மறுநாள் நான்கு. இவ்வாறு 30 நாள். பத்தாம் நாளில் 512 மணிதான். முப்பதாம் நாளிலோ 53,68,70,912! மொத்தம் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 823. களஞ்சியம் காலி, ஊர் பிழைத்தது.

நம் பெங்களூரிற் பிறந்த சகுந்தலா தேவி 1980-இல் இலண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடிகளிற் பெருக்கினார். அவரை அற்புதம் என்று போற்றுகிறோம். போற்றியபின் ஒதுக்கி வைத்துவிடுகிறோம். ராணி அற்புதம் அல்லள். இரட்டிக்கத் தெரிந்தவள், அவ்வளவே. அதனாலேயே அவளை நமக்குப் பிடித்தது.

கடைசி நாள் அரிசியை 256 யானைகள் சுமந்து வருவதாகப் படம் விரிகிறது. நாம் வியந்தோம், மகள் வியக்கவில்லை. இட்லி அரிசியில் 1,000 மணி எண்ணி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வந்தாள். 20 கிராம்.

"அப்பா, அன்றைய அரிசி முழுதும் பத்தே முக்கால் டன்தான். ஒரு யானைக்கு 42 கிலோ. மளிகைக் கடை அண்ணனே 50 கிலோ மூட்டையைத் தூக்குகிறாரே!"

இருபது ஆண்டுகளாக டன் கணக்கு எழுதும் நமக்கு இது தோன்றவில்லை.

அன்றிரவு லீலாவதியின் கதையைச் சொன்னோம். 1150-இல் பாஸ்கரர் இயற்றிய கணித நூலின் பெயர் அது. அதனை 1587-இல் பாரசீகத்தில் மொழிபெயர்த்த பைசி கூறும் கதைப்படி, லீலாவதி பாஸ்கரரின் மகள். அவள் அணியிலிருந்து உதிர்ந்த முத்து நாழிகை வட்டிலின் துளையை அடைத்தது. முகூர்த்தம் தவறித் திருமணம் நின்றது. மகளைத் தேற்ற அவள் பெயரால் தந்தை நூல் செய்தார். கதை மெய்யோ பொய்யோ, பெண்ணை விளித்துக் கேட்கும் கணக்குகள் நூலில் உண்டு. வண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு கடம்பிற்கும், மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலருக்கும், அவ்விரண்டின் வேறுபாட்டைப் போல் மும்மடங்கு வெட்பாலைக்கும் சென்றன, ஒன்று மட்டும் வானில் அலைகிறது, மொத்தம் எத்தனை? நாம் தாள் தேடுமுன், "பதினைந்து" என்றாள்.

பிறகு கேட்டாள்: "அப்பா, லீலாவதி விடை சொன்னாளா?"

நாம் அறிந்த கதையில் அவள் வாய் திறக்கவே இல்லை. மறுநாள் காலை விண்ணப்பத்தில் கணிதம் என்றே எழுதி ஒப்பமிட்டோம்.

நம் சங்க வாசகசாலையில் பெண்கள் கண்ணீர் வடிக்கும் நாவல்கள் இரண்டு அலமாரி நிறைய உள்ளன. கணக்குப் போடும் பெண்ணுக்கு ஒரு தட்டு ஒதுக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறோம். முதற்புத்தகமாக இப்பிரதியை ஒப்படைக்கிறோம். யானைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கும். நூலகர் அதனை அழித்துவிட வேண்டா.