கருவிக்கு அடிமையன்று தமிழெழுத்து

(சிந்தாதிரிப்பேட்டையில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)

 

இவ்வூர்ப் பெயரிலிருந்தே தொடங்குகின்றேன். 1734ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் கூவம் ஆற்று வளைவில் நெசவாளர்களைக் குடியமர்த்தினர். சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை எனத் திரிந்தது என்பர். தறி ஓய்ந்தது; பின்னர்ப் பெயருக்குள் இருந்த தறியும் மறைந்தது. தொழில் கைவிட்டுப் போனால் அதன் சொல்லும் உருத் தெரியாமற் போகும் என்பதற்கு நாம் நிற்கும் மண்ணே சான்று. இன்று நான் பேசவந்தது அவ்வாறு கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் மற்றொரு தொழிலைப் பற்றி. அஃது எழுத்தெழுதும் தொழில்.

அண்மையில் எங்கள் பள்ளி விழாவுக்கு ஒரு விளம்பரப் பதாகை அச்சாகி வந்தது. அதில் தொல்காப்பியர் பெயரில் வரவேண்டிய கொம்பு, எழுத்துக்கு முன்னால் நில்லாமல் பின்னால் போய்த் தொங்கிற்று. அச்சிட்ட இளைஞரிடம் கேட்டேன். "ஐயா, நாங்கள் சரியாகத்தான் அடித்தோம். பொறி இப்படித்தான் எடுக்கிறது. நாங்கள் என்ன செய்வது?" என்றார். அவருடைய தந்தையார் தூரிகை பிடித்துக் கடைப்பலகை எழுதியவர். அவர் எழுதிய பலகையில் ஒருநாளும் கொம்பு இடம் மாறியதில்லை. "பொறி இப்படித்தான் எடுக்கிறது" என்ற அந்தச் சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. எழுத்தின் வடிவை உறுதிசெய்ய வேண்டியவர் யார்? பொறியா, நாமா?

எழுதுதல் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். ஓவியம் தீட்டுவதையும் எழுதுதல் என்றே நம் முன்னோர் கூறினர். கண்ணுக்கு மை இடுவதையும் எழுதுதல் என்றே வள்ளுவர் ஆண்டார். எழுத்து நமக்குத் தொடக்கத்திலேயே அழகுத் தொழில், கைத்தொழில்.

ஆயினும் காலந்தோறும் கருவி அந்தக் கையை நெருக்கியே வந்திருக்கின்றது. பாறையில் வெட்டிய தமிழி எழுத்து நேர்கோடுகள் மிகுந்தது. ஓலையில் நேர்கோடு இழுத்தால் நரம்போடு கிழியும். ஆதலால் எழுத்து வளைந்தது. ஆணிமுனையால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும். ஆதலால் புள்ளி விடுபட்டது. மெய்க்கும், எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி உண்டு எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏட்டில் அவ்விதி நில்லாமற் போயிற்று. குறிலா நெடிலா, ரகரமா காலா என்று தெரியாமல் பழஞ்சுவடிப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. இந்த மயக்கத்தைத் தீர்க்க ஏகார ஓகாரங்களை வேறுபடுத்தி எழுதும் முறையைப் பரப்பியவர், இத்தாலியிலிருந்து வந்து தமிழரானவர் என்று சொல்லத்தக்க வீரமாமுனிவர்.

ஓலைக்குப் பின் வந்தது ஈயம். 1578இல் கொல்லத்தில் 16 பக்க அளவில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. இந்திய மொழிகளுள் தன் எழுத்திலேயே முதன்முதல் அச்சேறியது தமிழ்தான். பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714இல் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கினார். செருமனியில் வார்த்தனுப்பிய எழுத்துகள் அளவிற் பெரியவாயிருந்தமையின், இங்கேயே சிறிய எழுத்துகளை வார்க்க நேர்ந்தது. பெருமைதான், ஆனால் அச்சும் வார்ப்பும் நெடுங்காலம் பாதிரிமார் கையிலும் கும்பினியார் கையிலுமே இருந்தன. 1835இல் அச்சுக் கட்டுப்பாடு தளர்ந்த பின்னரே நம்மவர் அச்சகம் தழைத்தது.

பிறகு அச்சுக்கோப்போர்க்கும் தட்டச்சுப் பொறிக்கும் எளிமை வேண்டியிருந்தது. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்மையை 1978இல் தமிழக அரசு ஏற்றது. ணா, றா, னா முதலாக லை, ளை ஈறாக 13 எழுத்துகள் வடிவு மாறின. அன்றைய ஈயத்துக்கு அது தேவையாயிருந்தது. அதனை நான் குறைகூற வரவில்லை. ஆனால் உகர ஊகார வரிசைகளையும் மாற்றுக எனப் பின்னர் எழுந்த குரலுக்கு இன்று பொறியின்பெயரால் ஓர் இடமும் இல்லை. கணினி எவ்வளவு வளைந்த எழுத்தையும் இழுக்கும்; எத்தனை எழுத்தையும் தாங்கும். கற்கும் சிறுவர்க்குச் சுமை என்பார்க்கு ஒன்று சொல்வேன்: சப்பானியச் சிறுவர் தொடக்கப் பள்ளியிலேயே 1,026 சீன எழுத்துகளைக் கற்கின்றனர், மூன்றாம் வகுப்பிலிருந்து தூரிகை பிடித்தும் எழுதுகின்றனர். நம் 247க்கா நாம் அஞ்சுவது?

தொலைவு வேண்டா. இங்கிருந்து பறக்கும் தொடர்வண்டியில் இரண்டாம் நிலையம் திருவல்லிக்கேணி. 1927இல் அங்குத் தொடங்கிய 'முசல்மான்' என்னும் உருது நாளிதழ் தலைமுறை தலைமுறையாகக் கையால் எழுதப்பட்டே வெளிவந்தது. எழுத்தரே அதன் அச்சுக்கோப்பாளர். சரிந்து இழியும் நத்தலீக்கு வடிவத்தை ஈய எழுத்துக்கு ஒடுக்க அம்மொழியார் மனம் ஒப்பவில்லை. பொறி வளரும்வரை காத்திருந்தனர். 1981இல் பாக்கித்தானில் மிர்சா அகமது சமீல் என்னும் எழுத்தோவியர் தம் கையாலேயே ஆயிரக்கணக்கான கூட்டெழுத்துகளை வரைந்து தர, அவையே கணினியேறின. அங்கே பொறி கைக்குப் பணிந்தது. இங்கே கை பொறிக்குப் பணிந்தது. வேறுபாடு இதுவே.

கணினியிலும் நாம் விழிப்பாக இருந்தோமா? ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128. வடவெழுத்து முறையைத் தழுவிய இந்தியக் குறியீட்டு அட்டவணையைப் பின்பற்றியே அது வகுக்கப்பட்டது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என்பது நம் இலக்கணம். ஒருங்குறியிலோ 'க' முதலெழுத்து. அதன்மேல் புள்ளி ஏற்றினால்தான் 'க்'. நகரத்தை அடுத்து னகரம். ரகரத்தை அடுத்து றகரம். நெடுங்கணக்கே நிலைகுலைந்து கிடக்கின்றது. அறிஞர் முயற்சியால் 2010இல் தமிழக அரசு, தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்பு அளித்து வெளியிட்டது. ஆனால் அதைக் கையாள்வோர் சிலரே. அதே 2010இல் கிரந்த எழுத்துகள் 26ஐத் தமிழோடு சேர்க்க எழுந்த முன்மொழிவு, தமிழர் எதிர்ப்பால் நின்றது. 2014இல் கிரந்தத்துக்குத் தனியிடம் வகுக்கப்பட்டது. விழித்திருந்தால் தடுக்கலாம் என்பதற்கு இது சான்று. ஆக்கவும் இயலும் என்பதற்கு மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் சான்று. அவர் வரைந்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது.

ஆதலால் மூன்று வேண்டுகோள் வைக்கின்றேன்.

முதலாவது, பள்ளியில் கையெழுத்துப் பாடம் உயிர்பெற வேண்டும். சுழி எங்கே தொடங்கும், கொம்பு எங்கே வளையும் என்பதைக் கை அறியாத பிள்ளை, தவறாய் அச்சான எழுத்தைக் கண்ணால் அறிய மாட்டான்.

இரண்டாவது, பலகை எழுதிய முதியோர் இன்னும் நம் தெருக்களில் வாழ்கின்றனர். கணினி பயின்ற இளைஞர்கள் அவர்களிடம் சென்று, அவர்கள் கையெழுத்தை எழுத்துருவாக்க வேண்டும். தந்தையின் தூரிகையும் மகனின் கணினியும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன.

மூன்றாவது, கடைப்பலகையில் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்பது அரசு வகுத்த அளவு. உங்கள் தெருவில் அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் கடைக்காரரிடம் பணிவோடு, ஆனால் விடாமல் எடுத்துரையுங்கள்.

அந்தப் பதாகையை நாங்கள் கட்டவில்லை. அவ்விளைஞரே தம் தந்தையாரை அழைத்து வந்தார். பெரியவர் வெள்ளைத் துணியை விரித்து, ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தார். மகன் அருகில் நின்று கொம்பையும் காலையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வை ஒவ்வொரு தெருவிலும் பிறக்க வேண்டும். நம் எழுத்தை நாமே எழுதுவோம். பொறி அதன்வழி எடுக்கட்டும்.