மேழி என்னும் ஒரு சொல்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த சிறிது நேரத்தில் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அந்தச் சொல் 'மேழி'.

நம் பிள்ளைகள் கொன்றை வேந்தனை மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். ஔவையார் மேழிச் செல்வத்தைச் சொல்லும் இடம் வந்தால் குரல் கணீரென்று ஒலிக்கும். "மேழின்னா என்ன தம்பி?" என்று கேட்டால்தான் விழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணால் காணாத பொருளின் பெயர் மனத்தில் எப்படி ஒட்டும்?

மேழி என்பது கலப்பையின் கைப்பிடி. மண்ணைக் கீறும் இரும்பு, கொழு. மாடுகளின் கழுத்தில் கிடப்பது நுகத்தடி. அதையும் கலப்பையையும் இணைப்பது ஏர்க்கால். பின்புறம் வளைந்து மேலே எழுந்து, உழவனின் கைக்கு எட்டுவதே மேழி. மாடு இழுக்கும், கொழு கிழிக்கும். ஆனால் சால் நேராகப் போவதும் கோணிப் போவதும் மேழியைப் பிடித்த கையில்தான் இருக்கிறது.

அதனால்தான் நம் முன்னோர் இந்தச் சொல்லுக்குப் பெரிய இடம் கொடுத்தார்கள். மேழி என்றால் கலப்பை முழுவதையும் குறிப்பதுண்டு. உழவருக்கு மேழியர் என்று பெயர். அவர்கள் கொடி மேழிக்கொடி. உழுது விளைவித்த செல்வம் மேழிச் செல்வம். கம்பர் பெயரால் வழங்கும் 'ஏர் எழுபது' கலப்பையின் உறுப்புகளைத் தனித்தனியே புகழ்கிறது. திருவள்ளுவர் 104-ஆம் அதிகாரத்தை உழவுக்கே கொடுத்தார்.

தமிழில் பிடிக்குத்தான் எத்தனை பெயர்கள்! கத்திக்குப் பிடி, மண்வெட்டிக்குக் காம்பு, சட்டிக்குக் காது. சொந்த இனத்தைக் கெடுப்பவனைக் 'கோடரிக் காம்பு' என்கிறோம். மரத்தை வெட்டும் கோடரிக்கு மரமே காம்பாகிறது அல்லவா? மலாய் மொழியில் கிரிஸ் கத்தியின் வளைந்த பிடிக்கு 'ஹூலு' என்று பெயர். ஆற்றின் மேற்பகுதிக்கும் அதே சொல்தான். உலு சிலாங்கூர், உலு லங்காட் என்ற ஊர்ப்பெயர்களில் இருப்பது அதுவே.

"நாங்க பால்மரம் வெட்டுற சனங்க. எங்களுக்கு எதுக்கு வாத்தியாரே மேழி?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கங்காணியின் பேச்சைக் கேட்டுக் கப்பலேறிய நம் பாட்டன்மாரில் பலர் அங்கே மேழி பிடித்தவர்கள். 1938-ல் இந்திய அரசு கூலியாள் அனுப்புவதை நிறுத்தும் வரை அப்படி வந்து கொண்டே இருந்தார்கள். இங்கே வந்ததும் கை மேழியை விட்டுப் பால்வெட்டும் கத்தியைப் பிடித்தது. பிடிதான் மாறியது, பக்குவம் மாறவில்லை. பட்டையில் கத்தி மேலோடு போனால் பால் குறையும், ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும். அளவு தெரிந்த கை வேண்டும். அது மேழி பிடித்த கைக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்.

பெற்றோர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேழி நம் பிள்ளைகளுக்குப் புரியாமல் போனது போல, நாளை காண்டாவும் தோம்பும் மங்கும் பேரப்பிள்ளைகளுக்குப் புரியாமல் போகலாம். தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தொழில் போகும்போது அதன் சொல்லும் போகிறது. சொல் போனால், நாம் பட்ட பாடு என்னவென்று எடுத்துச் சொல்லக்கூட வாய் இருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். உங்கள் தொழிலில் புழங்கும் பத்துச் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். "எனக்குப் படிப்பு இல்லீங்களே" என்று தயங்க வேண்டாம். இந்தப் பாடத்துக்கு நீங்கள்தான் ஆசிரியர், நாங்கள் மாணவர்கள். மாணவர்களே, கேட்டதை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே படமும் வரைந்து வையுங்கள். வகுப்புக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.

உழவனுக்கு மேழி எப்படியோ, அப்படி நமக்குத் தாய்மொழி. பிடியைத் தளர விடாதிருப்போம்.